ஹேலான் மலைச் சிவப்பு

சியான் நகரில் ஏறினால் யின்சுவானுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட பாதை இது. பெரும்பகுதி தூரம் ஜன்னலுக்கு வெளியே ஒரே நிறம்தான்: காற்று காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த வெளிர்மஞ்சள் மண். மழைநீர் அரித்துப் பிளந்த பள்ளங்கள், மேட்டில் படிபடியாக வெட்டிய வயல்கள், அங்கங்கே சில வீடுகள். பிறகு நிலம் சமனாகிறது. வாய்க்கால்கள் தென்படுகின்றன. நெல்வயல்கூட வருகிறது. மஞ்சள் ஆறு பக்கத்தில் வந்துவிட்டது.

நிங்ஷியா ஹுய் தன்னாட்சிப் பகுதியின் தலைநகரம் யின்சுவான். சீனாவின் வடமேற்கில் உள்ள இந்தச் சிறு பகுதியில், வடக்குச் சமவெளிக்கு ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான் கிடைக்கிறது. இங்கே பயிர் என்று எது இருந்தாலும் அது ஆறு போட்ட பிச்சை. ஆற்றுநீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குத் திருப்பும் வேலை சின் பேரரசுக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வாய்க்கால்கள் 2017-இல் உலகப் பாசனப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கிழக்கே ஆறு, மேற்கே ஹேலான் மலை. வடக்கு தெற்காக 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 3,556 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அந்த மலைத்தொடர், டெங்கர் பாலைவனத்தின் மணலையும் சைபீரியாவிலிருந்து வரும் வாடையையும் மறித்துக்கொள்கிறது. ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே, கடல்மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டரை ஒட்டிய உயரத்தில், கூழாங்கல்லும் மணலுமாகக் கிடக்கும் சரிவில்தான் சீனாவின் பேர்பெற்ற ஒயின்கள் விளைகின்றன.

பிரான்ஸின் ஒயின் நகரமான போர்தோ கடலுக்கு அருகில் உள்ளது. அட்லாண்டிக் ஈரம், மிதமான குளிர், ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை. நிங்ஷியாவுக்கும் அதற்கும் எந்தப் பொருத்தமும் தெரியவில்லை. ஆனாலும் இங்கே நடப்பட்ட சிவப்புத் திராட்சையில் பெரும்பங்கு போர்தோவின் கேபர்னே சாவின்யோன், அடுத்தது மெர்லோ. போர்தோ முறையில் இரண்டு மூன்று வகைகளைக் கலந்து உருவாக்கும் சிவப்பு ஒயின்தான் நிங்ஷியாவின் அடையாளம். அதைச் சுவைத்துப் பார்க்க வருகிறவர்கள் யின்சுவானிலிருந்து மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டி ஓடும் 110-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும்.

அந்த வழியில் முதலில் கண்ணில் படுவது கல்லறைகள். 1038 முதல் 1227 வரை இந்த மண்ணை ஆண்ட மேற்கு சியா அரசர்கள் மலைக்குக் கீழே மண்ணை இடித்து இறுக்கிக் கட்டியவை. வெயிலில் வெளுத்த பெரும் கூம்புகளாக இன்றும் நிற்கின்றன. செங்கிஸ்கானின் படை அந்த அரசை அடியோடு அழித்தது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இவற்றுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாம். ஒயினுக்காக வந்தவர்களும் அரை நாளாவது ஒதுக்கத்தான் வேண்டும்.

திராட்சைத் தோட்டங்கள் அதன் பிறகு வரிசையாக வருகின்றன. சாங்யு நிறுவனம் ஆஸ்திரிய ஒயின் குடும்பத்தைச் சேர்ந்த லென்ஸ் மோசருடன் சேர்ந்து கட்டிய பிரெஞ்சுப் பாணிக் கோட்டை கோபுரங்களோடு நிற்கிறது. ஷாம்பெயின் புகழ் மொயே ஹென்னெஸி குழுமம் நுரைக்கும் ஒயினுக்காக 2013-இல் இங்கே ஷாந்தோன் ஆலையைத் திறந்தது. இன்று இந்த அடிவாரத்தில் 200-க்கும் மேற்பட்ட ஒயினகங்கள் இயங்குகின்றன அல்லது எழும்பிக்கொண்டிருக்கின்றன. தோட்டங்களின் பரப்பு 35,000 ஹெக்டேருக்கு மேல். பணம் எங்கே கொட்டப்பட்டிருக்கிறது என்பது கட்டடங்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நிங்ஷியாவின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனது கோபுரம் வைத்த கோட்டை எதுவும் இல்லை. அந்தப் பெருமை ஹேலான் சிங்ஷுவே என்ற சிறிய ஒயினகத்தைச் சேரும்.

இந்தப் பகுதியில் ஒயினுக்கான திராட்சை வளர்ப்பு 1980-களின் தொடக்கத்தில்தான் ஆரம்பித்தது. முதல் ஒயின் ஆலை 1984-இல் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் நிங்ஷியா திராட்சை பெரும்பாலும் மொத்தச் சரக்காகவே வெளியே போனது. கிழக்குச் சீனாவின் பெரிய நிறுவனங்கள் வாங்கித் தங்கள் புட்டிகளில் நிரப்பிக்கொண்டன. இங்கே விளைவதை இங்கேயே, இந்த ஊரின் பெயரிலேயே நல்ல ஒயினாக்க முடியும் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு, இத்தொழிலை வளர்ப்பதில் ஊறிப்போன ரோங் ஜியானும் வாங் ஃபெங்யூவும் 2005-இல் ஹேலான் சிங்ஷுவேயைத் தொடங்கினார்கள். ஒயின் தயாரிக்கும் பொறுப்பு ஜாங் ஜிங் என்ற இளம்பெண்ணிடம் வந்தது. ஆலோசகராக அமைந்தவர் லீ தேமேய். போர்தோவின் மார்கோ பகுதியில் உள்ள ஷாடோ பால்மே ஒயினகத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பேராசிரியர்.

2011 செப்டம்பரில் லண்டனில் டிகான்டர் உலக ஒயின் விருதுகள் அறிவிக்கப்பட்டன. 10 பவுண்டுக்கு மேல் விலையுள்ள போர்தோ வகைச் சிவப்பு ஒயின்களில் உலகத்திலேயே சிறந்தது என்ற சர்வதேசக் கோப்பை, ஹேலான் சிங்ஷுவேயின் ‘ஜியா பெய் லான் 2009’ ஒயினுக்குப் போனது. சீன ஒயின் ஒன்று அந்தக் கோப்பையைப் பெற்றது அதுவே முதல் முறை. புட்டியின் பெயரை மறைத்துச் சுவைத்த நடுவர்கள் கொடுத்த தீர்ப்பு அது. பெயர் வெளியானதும் வியப்போடு சந்தேகமும் கிளம்பியது. உள்ளே இருப்பது உண்மையிலேயே சீனத் திராட்சைதானா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பெய்ஜிங்கில் நிங்ஷியா ஒயின்களையும் போர்தோ ஒயின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் மறைத்து, பிரெஞ்சு, சீன நடுவர்கள் சுவைத்தார்கள். முதல் நான்கு இடங்களையும் நிங்ஷியா பிடித்தது. ஜியா பெய் லான் அவற்றில் ஒன்று.

அந்தப் போட்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். போட்டியில் வைத்த போர்தோ ஒயின்கள் அந்த ஊரின் தலைசிறந்தவை அல்ல. சீனக் கடைகளில் நிங்ஷியா ஒயின்களுக்கு நிகரான விலையில் விற்றவை. அந்த விலையில் இறக்குமதி வரியும் அடக்கம். ஆகவே ‘போர்தோவை நிங்ஷியா வீழ்த்தியது’ என்று எழுதுவது மிகை. ஒரே விலையில் வாங்கக் கிடைப்பதில் எது நல்லது என்ற கேள்விக்கு அது நேர்மையான பதில். அந்த அளவிலேயே அது பெரிய செய்திதான்: ஹேலான் சிங்ஷுவே தொடங்கி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன.

போர்தோக் கலவை என்பது என்ன? கேபர்னே சாவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃப்ராங்க், பெத்தி வெர்தோ, மால்பெக் ஆகிய வகைகளில் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்தது. கேபர்னே சாவின்யோனின் பழம் சிறிது, தோல் தடிப்பு, முற்றத் தாமதமாகும். நிறமும் துவர்ப்பும் நெடுநாள் தாங்கும் வலுவும் அதிலிருந்து வரும். மெர்லோ முன்னதாகவே பழுத்துவிடும். சதைப்பற்று அதிகம், நாவுக்கு மென்மை. செப்டம்பர் இறுதியில் மழை பிடித்துக்கொண்டால் கேபர்னே கெட்டுப்போகலாம், மெர்லோ தப்பித்திருக்கும். பூக்கும் சமயத்தில் குளிர் வந்தால் மெர்லோ உதிரும், கேபர்னே கைகொடுக்கும். போர்தோக்காரர்கள் கலக்கத் தொடங்கியதற்கு முதல் காரணம் விவசாயியின் எச்சரிக்கை. சுவை அதன் பின்னால் வந்து, அதுவே இலக்கணமாகிவிட்டது.

நிங்ஷியாவில் அந்த எச்சரிக்கைக்கு வேறொரு பொருள் உண்டு. இங்கே மழை எதிரி இல்லை, காலம்தான் எதிரி. வசந்தத்தின் கடைசி உறைபனி ஏப்ரல் கடந்தும் வரக்கூடும். இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி அக்டோபரில் வந்து நிற்கும். இடைப்பட்ட நாள்களில் வெயில் கொளுத்துவதால் பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறுகிறது. தோலும் விதையும் அதே வேகத்தில் முற்றுவதில்லை. சர்க்கரையை நம்பிப் பறித்தால் விதை கசக்கும். விதைக்காகக் காத்திருந்தால் ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தாண்டும், புளிப்பு இறங்கிவிடும். இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர்தான் புளிப்பைக் கொஞ்சம் காப்பாற்றித் தருகிறது. இத்தனை நெருக்கடியில் சீக்கிரம் முற்றிவிடும் மெர்லோ இந்த மண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சுவைக்கும் மேசையில் இதெல்லாம் தெளிவாகவே தெரிகிறது. ஹேலான் சிங்ஷுவே போன்ற சிறிய இடத்துக்குப் போவதன் பலனும் அதுதான். பெரிய ஆலையில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எஃகுத் தொட்டிகளைக் காட்டிவிட்டு விற்பனைக் கூடத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். சிறிய இடத்தில் தொட்டிக்கும் பீப்பாய்க்கும் மேசைக்கும் நடுவே சில அடி தூரம்தான். கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் ஒயினில் கை நனைத்தவராகவே இருப்பார்.

இளம் கேபர்னே சாவின்யோனைத் தனியாக ஊற்றினால் கோப்பையின் அடி தெரியாத கருஞ்சிவப்பு. மணத்தில் கரன்ட் பழமும் தேவதாரு மரத்தின் சீவலும். வாயில் வைத்ததும் பழம் முன்னே வந்து உடனே பின்வாங்கிக்கொள்ள, ஈறு முழுக்கத் துவர்ப்பு படர்கிறது. நாவற்பழம் தின்றபின் நாக்கு தடித்து நிற்குமே, கிட்டத்தட்ட அப்படி. நடுவில் ஒரு வெற்றிடம். மெர்லோவைத் தனியாகச் சுவைத்தால் நேர்மாறு: பிளம் பழத்தின் இனிய வாசம், வாய் நிறைந்த சதைப்பற்று, ஆனால் கடைசியில் பிடிமானம் இல்லாமல் சரிந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சில ஆண்டுகள் விட்டுவைத்த கலவையை மூன்றாவதாக எடுத்தால், அந்த வெற்றிடம் நிரம்பியிருக்கிறது. துவர்ப்பு இருக்கிறது, இப்போது அது பழத்தைச் சுற்றி நிற்கும் வேலிபோல இருக்கிறது. விழுங்கிய பிறகும் அரை நிமிடம் நாக்கில் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது.

கவனித்தால் அந்தக் கலவையில் இன்னொரு வாசமும் பிடிபடும். பச்சைக் குடமிளகாயை இரண்டாகக் கிள்ளியதும் வருமே, அதன் மெல்லிய சாயல். அது கேபர்னே கெர்நிஷ்ட் என்ற திராட்சையின் கைவரிசை. விருது பெற்ற 2009 ஜியா பெய் லானிலும் கேபர்னே சாவின்யோன், மெர்லோவோடு இது சிறிதளவு சேர்ந்திருந்தது. இந்தத் திராட்சையின் கதை தனியாகச் சொல்லத்தக்கது.

சீனாவின் நவீன ஒயின் தொழிலைத் தொடங்கியவர் பினாங்கில் வாழ்ந்த ஒரு வணிகர். தமிழர்கள் பலர் பார்த்திருக்கக்கூடிய ஜார்ஜ் டவுன் லீத் தெருவின் நீல மாளிகை அவர் கட்டியதுதான். சியோங் ஃபாட் ஸீ என்று பினாங்கில் அழைக்கப்பட்ட ஜாங் பீஷி, தென்கிழக்காசியாவில் சம்பாதித்த செல்வத்தைக் கொண்டு 1892-இல் சீனாவின் கிழக்குக் கரையில் உள்ள யந்தாய் துறைமுகத்தில் சாங்யு ஒயின் நிறுவனத்தை நிறுவினார். கொடிகளை ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார். அந்தக் காலத்தில் வந்து சேர்ந்த கொடிகளில் ஒன்றுதான் கேபர்னே கெர்நிஷ்ட் என்று சொல்லப்படுகிறது. அது என்ன வகை என்று நூறாண்டுக்கு மேல் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பிற்பாடு மரபணுச் சோதனையில் விடை கிடைத்தது: கார்மெனேர். ஒருகாலத்தில் போர்தோவில் செழித்து, 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வேர்ப்பூச்சி தாக்கியதில் அங்கே ஏறக்குறைய இல்லாமல் போன திராட்சை அது. சிலியில் மெர்லோ என்று நினைத்து வளர்த்துவந்த கொடிகள் உண்மையில் கார்மெனேர் என்று 1994-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-மிஷேல் பூர்சிகோ கண்டறிந்தார். போர்தோ கைவிட்டதை உலகின் இரு மூலைகள் பெயர் தெரியாமலேயே காப்பாற்றி வைத்திருந்தன. ஆகவே நிங்ஷியாக் கலவை போர்தோவின் நகல் என்று சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: இன்றைய போர்தோப் புட்டிகளில் அநேகமாக இல்லாத பழைய போர்தோ வாசம் இங்கே இருக்கிறது.

அதற்காகக் கார்மெனேர் வளர்ப்பது சுலபம் என்று எண்ண வேண்டாம். மெதுவாக முற்றும் வகை. பழைய கொடிகள் பலவற்றில் இலைச்சுருள் வைரஸ் வேறு. பழம் முற்றாமல் பறித்தால் குடமிளகாய் வாசம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சிறிதளவு சேர்ப்பதில்தான் கைத்திறன்.

இனி இந்த ஊரின் பெரும்பாட்டைச் சொல்ல வேண்டும். நிங்ஷியாவின் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்கும். ஐரோப்பியத் திராட்சை வகைகளால் அதைத் தாங்க முடியாது. பனிப்பொழிவு நிறைய இருந்தாலாவது அந்தப் பனியே கொடிக்குப் போர்வையாகும். இங்கே காற்று அவ்வளவு வறட்சி, பனியும் சொற்பம். குளிரைவிட அந்த வறண்ட காற்றுதான் கொடியின் உயிரை உறிஞ்சிவிடுகிறது. எனவே அறுவடை முடிந்து, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பருக்குள், ஒவ்வொரு கொடியையும் மண்ணுக்குள் புதைக்கிறார்கள். ஏப்ரலில் தோண்டி எடுக்கிறார்கள். ஒரு தோட்டம் தவறாமல், ஆண்டு தவறாமல்.

வேலை நடக்கும் விதத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த ஒயின் வேறு மாதிரிச் சுவைக்கும். முதலில் கொடியை வெட்டிக் குறைக்கிறார்கள். வேருக்குக் குளிர்காலத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். கம்பியில் கட்டிய கட்டுகளை அவிழ்த்துக் கொடியை வரிசையின் போக்கிலேயே ஒரே பக்கமாகச் சாய்த்துத் தரையோடு படுக்க வைக்கிறார்கள். டிராக்டர் ஒன்று வரிசைகளுக்கு நடுவிலிருந்து மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டு போகிறது. அதன் பின்னால் மண்வெட்டியோடு பெண்கள். முகத்தை மறைத்துத் துணி கட்டியிருக்கிறார்கள், தூசி அப்படி. இயந்திரம் விட்ட இடத்தில் ஒரு சாண் தண்டு வெளியே தெரிந்தாலும் அதன் வழியே வறட்சி உள்ளே புகுந்துவிடும் என்பதால் ஒவ்வொரு கொடியையும் பார்த்து மூடுகிறார்கள். முதிர்ந்த தண்டு வளையாது, முறிந்துவிடும். அதனால் நிங்ஷியாவில் கொடியை நட்ட நாளிலிருந்தே தண்டு செங்குத்தாக எழும்பாமல் சாய்வாகத் தரையை ஒட்டி ஏறும்படி பழக்குகிறார்கள். அப்படியும் ஒவ்வோர் ஆண்டும் சில முறிகின்றன. ஏப்ரலில் தோண்டும்போது மண்வெட்டி பட்டுச் சில மொட்டுகள் போகின்றன. போர்தோவில் அறுபது, எழுபது வயதுக் கொடிகளைப் பார்க்கலாம். இங்கே அந்த வயதை எட்டுவது மிகக் கடினம். முதிய கொடியின் செறிவான சுவை வேண்டும் என்று ஆசைப்படும் ஒயின்காரருக்கு இது தீராத வலி.

செலவும் அப்படித்தான். வெயில், மலை, ஆறு என்று இயற்கை வாரிக் கொடுத்ததில் ஒரு பங்கை இந்தப் புதைப்பும் தோண்டலும் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். சிறிய ஒயினகத்துக்கு ஆண்டுக்கு இருமுறை கூலிக்கு ஆள் திரட்டுவது உயிர்ப் பிரச்சினை.

அந்த ஆட்கள் யார்? நிங்ஷியாவின் தெற்கே சீஹைகூ என்ற மலைப்பகுதி இருக்கிறது. சீனாவின் மிகக் கடுமையான வறட்சிப் பகுதிகளில் ஒன்று. குடிநீருக்கே திண்டாடிய கிராமங்களைப் பல்லாண்டுகளாக அரசு வடக்கே, ஆற்றுப்பாசனம் எட்டும் இடங்களுக்குக் குடிபெயர்த்தது. கடலோர ஃபூஜியான் மாகாணத்தின் உதவியோடு 1997-இல் மலையடிவாரத்தில் உருவான மின்னிங் குடியிருப்பு அவற்றில் பேர்போனது. 2021-இல் அதன் கதை தொலைக்காட்சித் தொடராகவே வந்து சீனா முழுக்க ஓடியது. குடிபெயர்ந்தவர்களில் பலருக்கு வேலை கொடுப்பது இந்தத் தோட்டங்கள். அவர்களில் ஹுய் இனத்து முஸ்லிம்கள் நிறைய. நிங்ஷியா மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள்தான். மதுவைத் தொடாத எத்தனையோ பேரின் உழைப்பில் இந்த ஒயின் உருவாகிறது. கோப்பையை உயர்த்துகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஹேலான் சிங்ஷுவே வெட்டிய பாதையில் அதே வீச்சோடு நடந்த வேறு சிறிய ஒயினகங்களும் இருக்கின்றன. ‘சில்வர் ஹைட்ஸ்’ காவ் குடும்பத்தினுடையது. தந்தை காவ் லின் திராட்சை வளர்த்தார். மகள் எம்மா காவ் போர்தோவில் ஒயின் கலை படித்து, செந்த்-எஸ்தெஃப் பகுதியின் ஷாடோ காலோன்-செகுரில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார். 2007-இல் யின்சுவானின் ஓரத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய பீப்பாய்களோடு ஆரம்பம். அவர்களுடைய ‘தி சம்மிட்’ பெய்ஜிங் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. ஜியா பெய் லானோடு ஒப்பிட்டால் இது இன்னும் கொஞ்சம் ஒதுங்கிய சுபாவம்; திறந்தவுடன் பேசாது, ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் இலவங்கமும் உலர்ந்த பூவுமாக விரிகிறது. ‘கானான்’ ஒயினகத்தை 2011-இல் தொடங்கிய வாங் ஃபாங், ஹேலான் சிங்ஷுவே நிறுவனர்களில் ஒருவரான வாங் ஃபெங்யூவின் மகள்; ஜெர்மனியில் பல்லாண்டு வாழ்ந்து திரும்பியவர். அவருடைய ‘பிரிட்டி போனி’ கேபர்னே-மெர்லோ கலவைதான். பழத்தின் துள்ளலை மரவாசனைக்குக் கீழே புதைத்துவிடாத தெளிவு அதில் இருக்கிறது. நிங்ஷியாவைப் பேர் சொல்ல வைத்தவர்களில் ஜாங் ஜிங், எம்மா காவ், வாங் ஃபாங் என்று முன்வரிசையில் நிற்கும் மூவரும் பெண்கள். ஒயின் உலகில் இது அபூர்வம்.

மரவாசனை என்றதும் சொல்ல வேண்டியது: விருதுகளுக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வந்த நிங்ஷியா ஒயின்கள் பலவற்றில் புதிய ஓக் பீப்பாயின் வெனிலா, காப்பி வாசம் தூக்கலாக இருந்தது. 225 லிட்டர் பிரெஞ்சுப் பீப்பாய் வாங்கிவிட்டால் போர்தோ வந்துவிடும் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. தடித்த கண்ணாடிப் புட்டி, பொன் முத்திரை, பரிசுப் பெட்டி எல்லாம் சேர்ந்து விலையையும் ஏற்றின. சீன அரசு 2012-க்குப் பின் ஊழலுக்கு எதிராகவும் ஆடம்பர விருந்துகளுக்கு எதிராகவும் நடவடிக்கை எடுத்ததில் அந்தப் பரிசுச் சந்தை படுத்துவிட்டது. நாட்டின் ஒயின் உற்பத்தியும் அதற்குப் பிறகு பெரிதும் சரிந்திருக்கிறது. வாங்கிக் கொடுப்பவர்கள் போய், வாங்கிக் குடிப்பவர்கள் மிஞ்சினார்கள். அது ஒயினுக்கு நல்லதாகவே முடிந்தது. அண்மை ஆண்டுகளின் ஒயின்களில் ஓக் அடங்கியிருக்கிறது, பழம் முன்னுக்கு வந்திருக்கிறது.

நிங்ஷியா 2013-இல் தன் ஒயினகங்களைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியதும் போர்தோவைப் பார்த்துத்தான். போர்தோ ஒயினகங்களின் 1855 தரப்பட்டியல் கல்லில் வெட்டிய எழுத்து. அதில் நடந்த பெரிய மாற்றம் 1973-இல் மூதோன் ரோத்ஷில்ட் ஒயினகம் முதல் தரத்துக்கு ஏறியது ஒன்றுதான். நிங்ஷியாவில் எல்லோரும் ஐந்தாம் தரத்தில் தொடங்கி, அவ்வப்போது நடக்கும் மறுமதிப்பீட்டில் படிப்படியாக ஏற வேண்டும். புதிதாகத் தொடங்கிய ஒரு சிறிய ஒயினகத்துக்கு இந்த ஏற்பாடு போர்தோவுடையதைவிட நியாயமானது.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. 1961-இல் தென் பிரான்ஸில் கேபர்னே சாவின்யோனையும் கிரெனாஷையும் இணைத்து உருவாக்கிய மார்செலான் என்ற திராட்சை, 2001-இல் பெய்ஜிங்குக்கு அருகிலுள்ள ஹுவாய்லாய் தோட்டத்தின் வழியே சீனாவுக்கு வந்தது. பிறந்த நாட்டில் பல காலம் கண்டுகொள்ளப்படாத இது சீனாவில் சட்டென்று ஒட்டிக்கொண்டது. இப்போது நிங்ஷியாக் கலவைகளில் மெர்லோவுக்குப் பக்கத்தில் இதுவும் இடம்பிடிக்கிறது. நிறமும் பூவாசமும் அதிகம், துவர்ப்பு மென்மை. வெப்பம் கூடிவரும் காலத்துக்கு ஏற்றதென்று போர்தோவும் தன் அங்கீகரிக்கப்பட்ட வகைகளில் மார்செலானை 2021-இல் சேர்த்துக்கொண்டது. கற்றுக்கொடுத்த ஊரும் கற்றுக்கொண்ட ஊரும் ஒரே திராட்சையை ஒரே காலத்தில் பழகிப் பார்க்கின்றன.

எல்லாவற்றையும் சுவைத்த பின் என்ன தீர்ப்பு? தரத்தில் ஐயமே இல்லை. ஜியா பெய் லானும் தி சம்மிட்டும் பிரிட்டி போனியும் எந்த மேசையிலும் தலைநிமிர்ந்து நிற்கும் ஒயின்கள். குறை விலையில்தான். அதே பணத்துக்குப் போர்தோவின் சிறிய ஷாடோக்களிலோ சிலியிலோ இன்னும் நல்ல புட்டி கிடைக்கும் என்று ஒருவர் வாதிட்டால் மறுப்பது கடினம். ஆனால் அந்த விலைக்குள் ஒவ்வொரு கொடியையும் ஆண்டுதோறும் புதைத்து எடுக்கும் கூலி இருக்கிறது. கோட்டை கட்டிய செலவுக்குப் பணம் கொடுப்பதைவிட அந்தக் கூலிக்குக் கொடுப்பது மேல். சிறிய ஒயினகங்களைத் தேடிப்போக அதுவே போதுமான காரணம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சிறிய ஒயினகங்களில் முன்கூட்டியே சொல்லாமல் போய் நின்றால் கதவு திறக்காமல் போகலாம். தங்கும் விடுதி மூலமாக நேரம் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். செப்டம்பர் அறுவடை அழகான காலம், ஆனால் பேச யாருக்கும் நேரம் இருக்காது. புதைக்கும் வேலையைப் பார்க்க விரும்பினால் அக்டோபர் கடைசி. மேசையில் உட்கார்ந்ததும் புதிய ஆண்டின் ஒயினோடு எட்டுப் பத்து ஆண்டுகள் பழையது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இளமையில் முரண்டு பிடிக்கும் துவர்ப்பு வயதில் எப்படி அடங்குகிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த பாடம். நிங்ஷியாவின் ‘தான்’ இனச் செம்மறியாட்டுக் கறியை உப்பு மட்டும் போட்டு வேகவைத்துக் கையால் பிய்த்துத் தின்பது இந்த ஊர் வழக்கம். ஜியா பெய் லானுக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. யின்சுவானின் ஹுய் உணவகங்கள் பலவற்றில் மதுவுக்கு இடமில்லை. அங்கே புட்டியை எடுத்துப் போகாதீர்கள். கறியும் ஒயினும் சேர்த்து வேண்டுமானால், நேரம் கேட்கும்போதே மதிய உணவும் கிடைக்குமா என்று ஒயினகத்திலேயே விசாரித்துவிடுங்கள்.